மணல் ஒன்று, எழுத்து இரண்டு: பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லையூர்களில் எழுத்துக் கல்வியின் வரலாறு

பாறசாலை, செங்கல், காரோடு, வெள்ளறடை முதலிய ஊர்களில் வீட்டில் தமிழும் பள்ளியில் மலையாளமும் பயிலும் பிள்ளைக்குப் 'புள்ளி' என்ற சொல் இரண்டு பொருள் தரும். தமிழ் எழுத்தில் மெய்யின் தலைமேல் இடுவது புள்ளி. மலையாள எழுத்துப் பாடத்தில் எகர உயிரைக் காட்ட மெய்யின் இடப்பக்கம் இடும் குறிக்குப் புள்ளி என்று பெயர். அதையே தமிழ்ப் பாடம் கொம்பு என்கிறது. தமிழின் புள்ளிக்கு நிகரான குறியை மலையாளப் பாடம் சந்திரக்கலை என்கிறது. ஒரே பிள்ளை, ஒரே நாளில், ஒரே சொல்லைக் கேட்டு இரண்டு வெவ்வேறு குறிகளை எழுத வேண்டும்.

இப்பெயர்களைச் சற்று உற்று நோக்கினால் ஒரு பழைய கல்விமுறை புலப்படும். புள்ளி தொல்காப்பியத்திலேயே இடம்பெற்ற இலக்கணச் சொல். ஆனால் கொம்பு, கால், சுழி, கொக்கி ஆகியனவும், மலையாளத்தின் வள்ளி, குனிப்பு, சந்திரக்கலை ஆகியனவும் பிள்ளையின் கண்ணுக்குப் பழகிய பொருள்களிலிருந்து எடுத்த பெயர்கள். மாட்டின் கொம்பும் கொடியின் சுருளும் பிறை நிலவும் எழுத்தின் உறுப்புகளாயின. எதையும் விடாமல் சொல்வதை மலையாளத்தார் 'வள்ளி புள்ளி விடாமல்' என்று குறிப்பர். பள்ளித் திண்ணையின் பெயரிடல் அந்த அளவுக்குப் பேச்சுமொழியில் ஊறியிருக்கிறது. எழுத்தை உருவமாகவும் ஒலியாகவும் ஆட்டமாகவும் கற்பித்த அந்த மரபு இரண்டு மொழிக்கும் பொது. எந்த எழுத்து, யாருடைய பிள்ளைக்கு என்ற கேள்விகளுக்கு மட்டுமே இவ்வூர்களில் காலந்தோறும் வேறு வேறு விடைகள் கிடைத்துள்ளன.

மரபின் அடிப்படை எளிது. தமிழில் திண்ணைப் பள்ளி என்றும், மலையாளத்தில் குடிப்பள்ளிக்கூடம், எழுத்துப்பள்ளி என்றும் வழங்கிய இடங்களில் ஆசான் முதலில் தரையில் மணலைப் பரப்புவார். பிள்ளையின் விரலைப் பிடித்து எழுத்தை வரைவார். வரையும்போதே எழுத்தின் பெயரை உரக்கச் சொல்லச் செய்வார். பிறகு விரலை விட்டுவிடுவார். பிள்ளை தானே எழுதும், அழிக்கும், மீண்டும் எழுதும். கை பழகிய பின்னரே ஓலையும் எழுத்தாணியும் வரும். மணலில் பிழைக்குத் தண்டச்செலவு இல்லை. ஓலையில் கீறிய பிழை நிலைத்துவிடும்; மணலில் எழுதியது உள்ளங்கை பட்டால் மறையும். அஞ்சாமல் தவறு செய்வதற்கு இடம் தருவதே விளையாட்டின் முதல் இலக்கணம் எனில், அந்த இடத்தை மணல் தந்தது.

ஒலிக்கும் ஓர் ஆட்ட விதி இருந்தது. தமிழ்ப் பள்ளியில் குறில் 'அனா', 'இனா' என்று முடியும். நெடில் 'ஆவன்னா', 'ஈயன்னா' என்று நீளும். குறிலும் நெடிலும் அளவால் வேறுபட்டவை என்ற இலக்கண உண்மையை விளக்கம் ஏதுமின்றி வாய் கற்றுக்கொண்டது. 'கானா, ஙானா' என்ற ஓதல் மெய்வரிசையைத் தாளத்தோடு மனத்தில் இருத்தியது. ஆத்திசூடி அகரவரிசையில் அமைந்திருப்பதும், அதுவே பிள்ளைகளின் முதல் பாடநூலாக நூற்றாண்டுகள் நிலைத்ததும் இவ்வகைப் பயிற்சியோடு தொடர்புடையவை. மலையாளப் பக்கத்தில் அட்சரசுலோகம் என்னும் ஆட்டம் உண்டு. ஒருவர் ஒரு செய்யுளைச் சொன்னால், அதன் மூன்றாம் அடியின் முதலெழுத்தில் தொடங்கும் செய்யுளை அடுத்தவர் சொல்ல வேண்டும். வளர்ந்தவர்களின் அவைகளிலும் நடைபெறும் இவ்வாட்டத்தில் எழுத்து ஒரு பந்துபோல் கைமாறுகிறது.

எல்லைப் பகுதியின் எழுத்து வரலாற்றுக்கே ஓர் ஓதல் பெயர் தந்திருக்கிறது. தென் திருவிதாங்கூரில் நெடுங்காலம் வழங்கிய வட்டெழுத்துக்கு 'நானம் மோனம்' என்றும் பெயர். எழுத்துத் தொடக்கத்தில் சொல்லப்படும் 'நமோ நாராயணாய' என்னும் தொடரின் எழுத்துகளைப் பிள்ளைகள் நானம், மோனம் என்று பெயரிட்டு ஓதியதால் அப்பெயர் வந்தது என்பர். அரி என்னும் சொல்லில் தொடங்கியதால் அரிச்சுவடி எனப் பெயர் பெற்றதும் இத்தகையதே. அரசர் செப்பேட்டில் வெட்டிய ஓர் எழுத்துமுறையைப் பிள்ளைகளின் வாய்ப்பாட்டால் அழைத்தனர் என்பது கல்வி வரலாற்றில் சிறு செய்தியன்று.

இம்முறையை வெளியூரார் கண்டு வியந்த பதிவுகள் இரண்டு புகழ்பெற்றவை. இத்தாலியப் பயணி பியத்ரோ தெல்லா வாலே 1623 நவம்பரில் கன்னட நாட்டின் இக்கேரியில், கோயில் முகப்பில் நான்கு சிறுவர்கள் மணல் தூவிய தரையில் விரலால் எழுதியபடி, எழுதியதைப் பாடிக்கொண்டே கணக்குப் பாடம் பயில்வதைக் கண்டார். அவர்களுடன் ஆசிரியர் எவரும் இல்லை. ஒருவருக்கு மறந்ததை மற்றவர் நினைவூட்டுவர் என்பதே அவர்கள் தந்த விளக்கம். நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேல் கழிந்து, 1789இல் சென்னை எழும்பூர் ஆண்கள் காப்பகத்தின் பொறுப்பை ஏற்ற ஆண்ட்ரூ பெல், ஒரு 'மலபார்' பள்ளியில் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டு தம் பள்ளியிலும் அதைப் புகுத்தினார். அக்கால ஆங்கிலேயர் வழக்கில் 'மலபார்' என்பது பெரும்பாலும் தமிழையும் தமிழரையும் குறித்தது. முன்னேறிய பிள்ளை பின்தங்கிய பிள்ளைக்குக் கற்பிக்கும் ஏற்பாட்டோடு மணலெழுத்தையும் சேர்த்து அவர் வகுத்த முறை 1797இல் இலண்டனில் நூலாக வெளிவந்து 'மதராஸ் முறை' என்று பெயர் பெற்றது. இந்தியாவின் பழைய கற்பித்தல் முறை பெல் வழியாக இங்கிலாந்துக்குச் சென்று அங்கே நிலைபெற்றதைக் கிழக்கிந்தியக் கம்பெனியின் இயக்குநர் அவையே 1814 ஜூன் 3ஆம் நாளிட்ட கடிதத்தில் ஒப்புக்கொண்டது.

பெல் புதிதாகக் கண்டறிந்ததாக இங்கிலாந்து எண்ணிய மாணவத் தலைவனுக்கு எல்லையின் இரு பக்கமும் முன்னரே பெயர் இருந்தது. தமிழில் சட்டாம்பிள்ளை, மலையாளத்தில் சட்டம்பி. பத்தொன்பதாம் நூற்றாண்டில் திருவனந்தபுரத்தில் வாழ்ந்த சட்டம்பி சுவாமிகள் அப்பெயரைப் பெற்றது, பேட்டை இராமன்பிள்ளை ஆசானின் பள்ளியில் மாணவத் தலைவராக இருந்ததால்தான்.

இதுவரை சொன்னது முறையின் சிறப்பு. அம்முறைக்குள் நுழைய யாருக்கு வழி இருந்தது என்பது வேறு வரலாறு.

பாறசாலைக்குத் தெற்கே, முஞ்சிறைக்கு அருகே உள்ளது பார்த்திவபுரம். கி.பி. 866இல் ஆய் மன்னன் கருநந்தடக்கன் அங்குக் கோயில் எழுப்பி, 95 சட்டர்க்கு உணவும் உறையுளும் கல்வியும் தரும் சாலை ஒன்றை நிறுவினான். காந்தளூர்ச் சாலையை முன்மாதிரியாகக் கொண்ட அந்நிறுவனம் வேதம் பயில்வோர்க்கு உரியது. அறக்கொடையைப் பதிவு செய்த செப்பேடு தமிழில், வட்டெழுத்தில் அமைந்தது. ஆகவே இவ்வட்டாரத்தில் எழுத்தும் நிறுவனக் கல்வியும் ஆயிரம் ஆண்டுக்கு மேல் பழமையானவை. அவை சிலர்க்கே உரியனவாக இருந்ததும் அதே அளவு பழமையானது.

தென் திருவிதாங்கூர் பனை நாடு. ஏடு பனையிலிருந்து வந்தது. அப்பனையில் நாள்தோறும் ஏறி இறங்கிய குடும்பங்களின் பெரும்பாலான பிள்ளைகளுக்கு அந்த ஏட்டில் எழுத இடம் கிடைக்கவில்லை. மணல் ஆற்றங்கரையில் யாரும் அள்ளக்கூடியது, விலையில்லாதது. அந்த மணலைச் சுற்றி உட்கார யாருக்கு உரிமை என்பதைச் சாதி வகுத்தது. 1817இல் அரசப் பிரதிநிதியாக இருந்த இராணி கௌரி பார்வதிபாய், குடிகளின் கல்விச் செலவை அரசு ஏற்க வேண்டும் என்று பிறப்பித்த ஆணை இந்தியக் கல்வி வரலாற்றில் முன்னோடியானது. ஆணை எழுத்தில் இருந்த பரப்பு, நடைமுறையில் எல்லாத் தெருக்களையும் எட்ட ஒரு நூற்றாண்டு போதவில்லை.

இந்த இடைவெளியில்தான் இலண்டன் மிஷனரி சங்கத்தின் பள்ளிகள் வந்தன. 1806இல் மைலாடியில் ரிங்கல்தௌபே தொடங்கிய பணி நாகர்கோவில், நெய்யூர் வழியாக மேற்கே பரவி, பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பாறசாலையைத் தனி மிஷன் வட்டமாக்கியது. தமிழ் வழங்கும் தெற்குக்கும் மலையாளம் வழங்கும் வடக்குக்கும் இடையில் அமைந்த அவ்வட்டத்தில் இரு மொழியும் தேவைப்பட்டன. ஒடுக்கப்பட்ட குடும்பங்களின் பிள்ளைகள் பலர் முதன்முறையாக எழுத்தைத் தொட்டது இத்தகைய பள்ளிகளில்தான்.

உள்ளூர் மரபுக்குள்ளிருந்தும் மாற்றம் எழுந்தது. 1888இல் நெய்யாற்றின்கரை வட்டத்து அருவிப்புறத்தில் சிவலிங்கம் நிறுவிய நாராயண குரு, அதற்கு முன் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்த ஆசான். 'நாணு ஆசான்' என்று அறியப்பட்டவர். அவருடைய தந்தை மாடன் ஆசானும் ஆசிரியர். மலையாளம், தமிழ், சமற்கிருதம் ஆகிய மூன்றிலும் பாடிய குருவின் கல்வி, இன்றைய எல்லைக்கோடு பிரிக்கும் இரு எழுத்துகளும் ஒரே மனத்தில் அமைதியாகக் குடியிருக்க முடியும் என்பதற்கு இவ்வட்டாரமே தரும் சான்று.

அதே நெய்யாற்றின்கரை வட்டத்து வெங்ஙானூரில் பிறந்தவர் அய்யன்காளி. புலையர் சமூகப் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்க அரசு அனுமதித்த பின்னரும் ஊர் அனுமதிக்கவில்லை. 1914இல் பூசாரி அய்யனின் மகள் பஞ்சமியை அவர் ஊரூட்டம்பலம் பெண்கள் பள்ளிக்கு அழைத்துச் சென்றார். கலவரம் மூண்டது, பள்ளி எரிக்கப்பட்டது. ஒரு சிறுமி அகரம் எழுத உட்கார்ந்ததைப் பொறுக்காமல் மூட்டிய தீ அது. தீயில் கருகிய பெஞ்சு ஒன்று அப்பள்ளியில் இன்றும் பாதுகாக்கப்படுகிறது. 2022இல் அப்பள்ளிக்கு அய்யன்காளி, பஞ்சமி இருவரின் பெயரும் நினைவாகச் சூட்டப்பட்டது. விளையாட்டு வழிக் கல்வியைப் பற்றிய எந்த ஆய்வும் இப்பெஞ்சைக் கடந்துதான் செல்ல வேண்டும். ஆட்டத்தின் நலம் அதில் சேர்த்துக்கொள்ளப்பட்ட பிள்ளைக்கே கிடைக்கும்.

யாருக்கு எழுத்து என்ற கேள்வி ஒருவாறு அடங்கிவந்த காலத்தில், எந்த எழுத்து என்ற கேள்வி முன்னுக்கு வந்தது. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் தாய்த் தமிழகத்தோடு இணைக்கக் கோரிய வட்டங்களுள் நெய்யாற்றின்கரையும் ஒன்று. 1956 நவம்பர் 1இல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகியன சென்னை மாநிலத்தில் சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. களியக்காவிளைக்கும் பாறசாலைக்கும் இடையே கோடு விழுந்தது. அந்தக் கோடு பேச்சைப் பிரிக்கவில்லை. உறவையும் சந்தையையும் பிரிக்கவில்லை. பிள்ளை முதலில் எழுதும் எழுத்தைப் பிரித்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் பலராமவர்மா அழைத்துவந்து குடியமர்த்திய தமிழ் நெசவாளர் வாழும் பாலராமபுரமும் இந்த வட்டத்திலேயே அமைந்தது.

1956இன் ஏழாம் திருத்தத்தால் அரசியலமைப்பில் சேர்ந்த 350ஏ பிரிவு, மொழிச் சிறுபான்மையினரின் பிள்ளைகளுக்குத் தொடக்கநிலையில் தாய்மொழிக் கல்விக்கு வசதி செய்யுமாறு மாநிலங்களைக் கேட்டுக்கொள்கிறது. மாநிலங்களின் சட்டங்களோ தத்தம் மொழியை உறுதிப்படுத்தும் திசையில் சென்றன. தமிழ்நாட்டின் 2006ஆம் ஆண்டுச் சட்டம் முதல் வகுப்பு தொடங்கிப் படிப்படியாகத் தமிழைக் கட்டாயமாக்கியபோது விளவங்கோட்டின் மலையாளக் குடும்பங்கள் கவலை கொண்டன. கேரளத்தின் 2017ஆம் ஆண்டுச் சட்டம் பத்தாம் வகுப்புவரை மலையாளத்தைக் கட்டாயமாக்கியபோது தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் கவலை கொண்டனர். இரு சட்டங்களின் நோக்கமும் தத்தம் நிலத்தில் நியாயமுடையது. இரண்டும் சந்திக்கும் இடத்தில் நிற்பது ஐந்து வயதுப் பிள்ளை.

அப்பிள்ளையின் முன் உள்ள வேலை எளிதன்று. ககர வருக்கத்தில் தமிழுக்கு ஓர் எழுத்து போதும். மலையாளத்துக்கு நான்கு வேண்டும். நகர, னகர ஒலிகளை மலையாளம் ஓர் எழுத்தால் எழுதுகிறது. தமிழ் இரண்டால் எழுதுகிறது. தமிழில் எளிதாகத் தோன்றுவது மலையாளத்தில் கடினம். மலையாளத்தில் எளிதாகத் தோன்றுவது தமிழில் கடினம். இரண்டிலும் எகரக் குறி மெய்க்கு முன் எழுதப்பட்டு, மெய்க்குப் பின் ஒலிக்கிறது. போதாக்குறைக்கு, பெரியவர்கள் எழுத்தையே மாற்றினார்கள். 1971இல் கேரள அரசு உகர, ஊகாரக் குறிகளைப் பிரித்தும் பல கூட்டெழுத்துகளைக் குறைத்தும் எழுத்தைச் சீர்திருத்தியது. 1978இல் தமிழ்நாடு அரசு ணா, றா, னா, லை, னை முதலியவற்றின் பழைய வடிவங்களை நீக்கியது. எல்லையூர்த் தாத்தா மணலில் கற்ற வடிவமும் பேரன் பலகையில் கற்ற வடிவமும் இரு மொழியிலும் வேறுபட்டன.

இத்தகைய எழுத்துமுறைகளில் தேர்ச்சி மெல்லவே வரும் என்பதைச் சோனாலி நாக் கன்னடப் பிள்ளைகளிடம் நடத்திய ஆய்வுகள் காட்டியுள்ளன. உயிரும் மெய்யும் சேர்ந்து நூற்றுக்கணக்கான வடிவங்களை எடுக்கும் எழுத்துகளைப் பிள்ளைகள் தொடக்க வகுப்புகளின் பல ஆண்டுகளில் பரவலாகக் கற்கின்றனர். இருபத்தாறு எழுத்துக்காரர்களின் கால அட்டவணை இங்குப் பொருந்தாது. எனவே பயிற்சி நெடியது. நெடிய பயிற்சியைப் பிள்ளை வெறுக்காமல் தொடர வேண்டும். விளையாட்டு வேண்டப்படுவது இவ்விடத்தில்தான்.

எவ்வகை விளையாட்டு என்பதிலும் ஆய்வுக்கு ஒரு சொல் உண்டு. கரின் ஜேம்ஸ் என்னும் உளவியலாளர் 2012இல் வெளியிட்ட ஆய்வில், படிக்கத் தெரியாத ஐந்து வயதுப் பிள்ளைகள் எழுத்தைத் தாமே கையால் எழுதிப் பழகிய பிறகு அதைக் காணும்போது, வாசிப்போடு தொடர்புடைய மூளைப் பகுதிகள் இயங்கின. விசைப்பலகையில் தட்டியபோதும், வரைந்துவைத்த கோட்டின்மேல் இழுத்தபோதும் அந்த அளவு விளைவு தோன்றவில்லை. 1907இல் உரோமில் தம் பள்ளியைத் தொடங்கிய மரியா மாண்டிசோரி, உப்புத்தாளில் வெட்டிய எழுத்துகளை விரலால் தடவச் செய்தார். 1939இல் அவர் அடையாற்றுக்கு வந்தபோது, விரலால் எழுத்தறியும் வழக்கம் இந்நிலத்துக்குப் புதிதாக இருக்கவில்லை. ஆசான் விரலைப் பிடிப்பது முதற்படி. விடுவது அடுத்த படி. பிள்ளைக்கு எழுத்து வசப்படுவது அந்த இரண்டாம் படியில்தான்.

எல்லையின் இரு பக்கமும் கடந்த முப்பது ஆண்டுகளில் இதை வேறு பெயர்களில் மீட்டெடுத்தன. மாவட்டத் தொடக்கக் கல்வித் திட்டம் 1990களில் திருவனந்தபுரம் மாவட்டத்துக்கு வந்தபோது செயல்வழிப் பாடங்களும் வந்தன. தமிழ்நாட்டில் 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல் பின்னர் மாநிலமெங்கும் பரவியது. 2022இல் எண்ணும் எழுத்தும் திட்டம் அதைத் தொடர்ந்தது. கேரளத்திலோ கருத்திலிருந்து சொல்லுக்கும் சொல்லிலிருந்து எழுத்துக்கும் செல்லும் முறையில் எழுத்து வரிசையே பாடநூலிலிருந்து மறைந்துவிட்டது என்ற எதிர்ப்பு எழுந்தது. எழுத்தாளர்களும் ஆசிரியர்களும் வற்புறுத்த, 2022இல் அது மீண்டும் இடம்பெற்றது. அவ்வாதம் ஒன்றைத் தெளிவாக்கியது. ஆட்டம் இனிதாக இருந்தால் மட்டும் போதாது. ஆட்டத்தின் முடிவில் எழுத்து கையில் நிற்க வேண்டும். பழைய ஆசான் ஓதலையும் வரிசையையும் விடாமல் வைத்திருந்ததற்குக் காரணம் உண்டு. பொருளறியாமல் ஓதவைத்தது அவருடைய குறை. பொருளைக் காட்ட விரும்பி வரிசையைக் கைவிட்டது புதியவர்களின் குறை.

பாறசாலைப் பிள்ளைக்கு உரிய ஆட்டத்தை இந்த வரலாற்றிலிருந்தே அமைக்கலாம். தரையில் வட்டங்கள் இட்டு, சிலவற்றில் தமிழ் எழுத்தும் சிலவற்றில் மலையாள எழுத்தும் எழுதலாம். ஒலியைச் சொன்னதும் அவ்வொலிக்குரிய இரு வட்டங்களுக்கும் பிள்ளை தாவ வேண்டும். 'புள்ளி' என்று கூவினால், எந்த மொழியின் புள்ளி என்று பிள்ளை திருப்பிக் கேட்க வேண்டும். கேட்பதற்கே ஒரு புள்ளி பரிசு. நகர, னகர வேறுபாட்டை, மலையாளம் ஓரெழுத்தில் அடக்கிய இரண்டு ஒலிகளாகக் காதால் முதலில் பிரித்து, பின் தமிழில் கையால் பிரிக்கலாம். இதற்கு வேண்டியவை மணலும், குரலும், தெரிந்த பிள்ளை தெரியாத பிள்ளைக்குச் சொல்லும் பழைய வழக்கமும். வேறு செலவில்லை.

இது செய்யப்படாவிடில் நேர்வது பெரிய ஓசையோடு நேராது. தமிழ் பேசத் தெரிந்து, தமிழ் எழுத்தை வாசிக்கத் தெரியாத தலைமுறை ஒன்று கோட்டின் வடக்கே உருவாகும். மலையாளத்தில் அதுவே கோட்டின் தெற்கே உருவாகும். வீட்டிலுள்ள பழைய கடிதமும் பாட்டுப் புத்தகமும் கல்லறை வாசகமும் அவ்வீட்டுப் பிள்ளைக்கே ஊமையாகிவிடும். வட்டெழுத்துக்கு நேர்ந்தது இதுதான். நானம் மோனம் என்று பிள்ளைகள் ஓதிய ஓர் எழுத்தை இன்று வாசிக்கக் கல்வெட்டறிஞர் வேண்டும். அதை எவரும் தடை செய்யவில்லை. மணலில் அதை எழுதிப் பழகும் பிள்ளைகள் இல்லாமற் போயினர், அவ்வளவே.